தறி நின்னதைக் கேட்ட காது

முதல்ல எல்லாரும் போனை மேசைமேல கவுத்து வைங்க. சைலன்ட்ல போட்டா போதாதும்மா, கவுத்து வைங்க. நான் பேசறதை யாராவது வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டீங்கன்னா, அடுத்த நிமிஷம் எழுந்து போயிடுவேன். சிரிக்கறீங்க. சிரிங்க. குழந்தைங்க பாதுகாப்பு வேலையில இருபத்தாறு வருஷம் இருந்துட்டு வெளியே வந்தவ நான். யாராவது போனைத் தூக்கிப் பிடிச்சா இன்னிக்கும் நான் முகத்தைத் திருப்பிக்குவேன்.

உங்க ஆபீசரம்மா கூப்பிட்டு, "புதுசா சேர்ந்த பிள்ளைங்க மேடம். இப்ப வர்ற புகாரெல்லாம் போன் விளையாட்டுப் புகாருங்கதான். உங்க அனுபவத்தைச் சொல்லுங்க"ன்னாங்க. நல்லா முடிஞ்ச கேஸ் ஒண்ணைச் சொல்லிட்டு, டீ குடிச்சிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். வர்ற வழியில மனசு மாறிடுச்சு. கெட்டுப்போன ஒண்ணைச் சொல்றேன். கெடுத்தது நான்.

அந்தப் பொண்ணோட பேரை நான் சொல்ல மாட்டேன். சின்ன காஞ்சிபுரத்துல ஒரு தெரு, அவ்ளோதான். எந்தத் தெருன்னும் கேக்காதீங்க. அப்ப அவளுக்குப் பதினோரு வயசு. அப்பா வீட்டுலயே பட்டு நெய்யறவரு. கோர்வைப் புடவை, அதாவது உடலும் கரையும் வேற வேற நிறமா சேர்த்து நெய்யறது. அதுக்கு ஒருத்தர் பத்தாது, பக்கத்துல இன்னொரு ஆள் உக்காந்து, நூலைக் கொண்டு போற நாடாவைத் தள்ளணும். அந்த ஆள் அவளோட அம்மா. ரெண்டு பேரும் தறியில உக்காந்துட்டா, பொண்ணு தனியா அம்மாவோட போனை வெச்சிக்கினு விளையாடும். ஊர்ல பாதி வீட்டுல இன்னிக்கும் இப்படித்தான், இதுல யாரையும் குத்தம் சொல்ல நான் வரலை.

ஒரு திங்கக்கிழமை அந்த அம்மா ஆபீசுக்கு வந்தாங்க. வீட்டுக்காரர் நெய்த புடவையைக் குடுக்கப் போயிருந்தாரு, அதனாலதான் தறியை விட்டு எழுந்து வர முடிஞ்சுது. நாற்காலியில உக்காரக்கூட இல்லை.

"மேடம், எம் பொண்ணு போன்ல ஒரு விளையாட்டு விளையாடுது. வீடு கட்டறது, பொம்மைக்கு டிரெஸ் போடறது, அந்த மாதிரி. அதுல ஒரு அக்கா பேசுது. பொம்மைக்கு றெக்கையெல்லாம் கிஃப்ட் குடுத்துச்சாம். சரி, பொம்பளைப் பிள்ளைதானேன்னு நானும் விட்டுட்டேன். நேத்து சாயந்திரம் அந்த அக்கா, 'உங்க வீட்டு வாசல்ல அன்னம் கோலம் சூப்பரா இருந்துச்சு'ன்னு சொல்லியிருக்குது மேடம். நேத்து காலையில அன்னம் கோலம் போட்டது நான். அது எப்படி அந்தப் பொண்ணுக்குத் தெரியும்?"

எனக்கு முதுகெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. உங்களுக்கும் ஆகணும். ஆகலைன்னா வேற வேலை பாருங்க.

சாயந்திரம் அந்த வீட்டுக்குப் போனேன். பொண்ணை எதிர்ல உக்கார வெச்சேன். "நீ அட்ரஸ் குடுத்தியா?" "இல்லை மேடம்." "போட்டோ அனுப்புனியா?" "இல்லை மேடம்." "ஸ்கூல் பேரு?" "இல்லை." எதைக் கேட்டாலும் இல்லைன்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது? நான் எத்தனை பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன், பயத்துல பொய் சொல்லாத பிள்ளை உண்டான்னு ஒரு திமிரு எனக்கு. "உண்மையைச் சொன்னாத்தான் உன்னைக் காப்பாத்த முடியும்"னு குரலை உசத்தினேன். அவ வாயை மூடிக்கினா. அதுக்கப்புறம் மூணு நாள் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.

அவ சொல்லலைன்னா வேற யாரு? உள்ளூர் ஆளுதான்னு முடிவு கட்டிட்டேன். கோலத்தைக் கண்ணால பார்த்தவன்தானே சொல்ல முடியும்? அம்மாகிட்ட துருவித் துருவி கேட்டேன். போன மாசம் போனை ரிப்பேருக்குக் குடுத்தாங்களாம். கடைக்காரரு ஒரு பாய். அப்படியா சங்கதின்னு எனக்குள்ள ஒரு மணி அடிச்சுது.

இங்க ஒண்ணு சொல்லிக்கறேன். நானும் முஸ்லிம் வீட்டுப் பொண்ணு. எங்க வாப்பா இதே ஊர்ல ஜரிகை வியாபாரம் பண்ணவரு. அந்தக் கடைக்காரரு எனக்கு ஒரு வகையில முகம் தெரிஞ்சவரு, அக்காங்கறதுக்கு எங்க வழக்கப்படி என்னை ஆபான்னு கூப்பிடுவாரு. அதனாலயே எனக்கு ஒரு வேகம். நம்ம ஜனம்கறதால மேடம் மழுப்பிட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. மத்தவங்களை ஓரமா கூப்பிட்டு விசாரிச்சிருப்பேன். அவரை நடுக்கடையில நிக்க வெச்சுக் கேட்டேன்.

செவ்வாக்கிழமை, கடையில நாலஞ்சு பேரு. நான் போய், அந்தப் பொண்ணு பேரு, அவங்க அப்பா பேரு, தெருப் பேரு மூணையும் சொல்லி, "இந்தப் பொண்ணோட போன் இங்க வந்துச்சா இல்லியா?"ன்னேன்.

"வந்துச்சு ஆபா. ஸ்கிரீன் மாத்துனேன்."

"உள்ள இன்னா பார்த்தே?"

"இன்னா ஆபா கேக்கறீங்க? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது."

"பொண்ணு இருக்கறவங்க எல்லாம் யோக்கியம்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்குதா?"

அவரு முகம் செத்துப்போச்சு. நானும் ஏதோ பெரிசா சாதிச்ச மாதிரி படியிறங்கி வந்துட்டேன். அந்தக் கடையில சார்ஜர் வாங்க நின்ன ஒரு ஆளு எல்லாத்தையும் காது குடுத்துக் கேட்டுக்கினு இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் ஒண்ணும் உறைக்கலை. ஊர்ல இருக்கற அத்தனை பேர்மேலயும் சந்தேகப்பட்ட எனக்கு, என் வாய்மேல மட்டும் சந்தேகம் வரலை.

ரெண்டே நாள். வியாழக்கிழமை அந்த அம்மா அழுதுக்கினே வந்தாங்க. தெரு பூரா பேச்சாம். அந்த வீட்டுப் பொண்ணு யார்கிட்டயோ போன்ல பேசுதாம், போலீஸ் வந்துச்சாம், படம் கிடம் அனுப்பிடுச்சாம். ஒண்ணு பத்தாகி, வாய்க்கு வந்ததெல்லாம் சேர்ந்துடுச்சு. அப்பா ஸ்கூலுக்குப் போகவேணாம்னுட்டாரு. "ஆறாவதுக்கு மேல படிச்சு இன்னா பண்ணப் போறா, தறிகிட்ட உக்காரட்டும்"னு சொல்லிட்டாரு.

அது போதாதுன்னு அந்த அம்மா போனை எங்கிட்ட நீட்டுனாங்க. விளையாட்டை அழிக்காதீங்க, பதிலும் போடாதீங்கன்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். காலையில வந்த மெசேஜ்: "ஞாயித்துக்கிழமை காலையில சாமி வர்றப்ப நீ மட்டும் வாசல்ல நில்லு. அக்கா நேர்ல வரேன். நிஜ கிஃப்ட் கொண்டாரேன். அம்மாகிட்ட சொன்னா அக்கா உன்கூட எப்பவும் பேச மாட்டேன்."

உற்சவம் நடந்துக்கினு இருந்த சமயம் அது. பெருமாள் தினம் காலையில அந்தத் தெரு வழியாத்தான் போவாரு. ஞாயித்துக்கிழமைக்கு முழுசா மூணு நாள்கூட இல்லை. வரப்போறது யாருன்னு தெரியாது, வீடு எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியாது, பொண்ணு எங்கிட்ட பேச மாட்டா, ஊரு அவளைப் பேசித் தள்ளுது.

அன்னிக்கு மத்தியானம் வந்தாரு பாருங்க, அந்த ரிப்பேர் பாய். நாற்காலியைக் காட்டுனேன், உக்காரலை.

"ஆபா, உங்க முகத்துல முழிக்க எனக்கு இஷ்டமே இல்லை. ஆனா அந்த அம்மாகிட்ட கோல விஷயத்தைக் கேட்டுத் தெரிஞ்சிக்கினேன், இதைப் பாருங்க."

அவரு போன்ல ஒரு வீடியோ. போன ஞாயித்துக்கிழமை புறப்பாடு. யாரோ ஒரு பக்தர், வெளிநாட்டுல இருக்கறவங்க சேவிக்கட்டும்னு, சாமி கூடவே நடந்து லைவ் போட்டிருக்காரு. பல்லக்கு ஒவ்வொரு வாசலா நிக்குது. ஒரு வாசல்ல அன்னம் கோலம். உள்ளேர்ந்து ஒரு பொம்பளைக் குரல், "பாப்பா, கற்பூரம் எங்க வெச்சே?" அப்புறம் நம்ம பொண்ணு பாவாடையைத் தூக்கிக்கினு ஓடியாந்து தலையைக் குனியுது, அர்ச்சகர் சடாரி வைக்கறாரு. முகம் பளிச்சுனு தெரியுது.

"அப்ப அந்தப் பொண்ணு விளையாடிக்கினு இருந்துச்சான்னு கேளுங்க. மைக் திறந்திருந்துச்சான்னு கேளுங்க," அப்படின்னாரு. "நான் கடையில மைக் சரி பண்ணி டெஸ்ட் பண்றப்ப, பக்கத்துக் கடை பாட்டு அதுல கேக்கும். நேர்ல ஒரு தடவை, போன்ல ஒரு தடவை. அதை வெச்சித்தான் யோசிச்சேன். ஒரு காதுல விளையாட்டு, ஒரு கண்ணுல இந்த லைவ். ரெண்டுலயும் அதே 'கற்பூரம் எங்க வெச்சே' வந்துச்சுன்னா? வீடு தெரிஞ்சுபோச்சு இல்லே? அதுக்கு ஊர்ல இருக்கணும்னு அவசியமே இல்லை ஆபா. எங்கயோ மெத்தையில படுத்துக்கினே கண்டுபிடிக்கலாம்."

யா அல்லாஹ், நான் யாரைப் போய் என்ன கேட்டேன்! எழுந்து நின்னு, "தப்பா நெனச்சிட்டேன் தம்பி, மன்னிச்சிடுங்க"ன்னேன். அவரு, "என் கதை கிடக்கட்டும், அந்தப் பொண்ணு பேரைக் கடையில போட்டு உடைச்சிட்டீங்களே, அதுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"ன்னாரு.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை தரையில உக்காந்தேன். "நீ பொய் சொல்லலை. நான்தான் நம்பலை"ன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் பேச்சு மெல்ல மெல்ல வந்துச்சு.

"ஹெட்போன் உடைஞ்சுபோச்சு மேடம், சும்மா மைக் போட்டுத்தான் பேசுவேன். அது இன்னா டக்கு டக்குனு சத்தம்னு அக்கா கேட்டாங்க. தறின்னேன். பட்டா, காட்டனான்னாங்க. பட்டுன்னேன். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ஏன் சத்தம் நின்னுடுச்சுன்னாங்க. பெருமாள் வராரு, அப்பா தறியை நிறுத்திட்டாருன்னேன். இரு, சேவிச்சிட்டு வரேன்னு போனை அப்படியே வெச்சிட்டு ஓடிட்டேன்."

பெருமாள் தெருவுக்குள்ள வந்துட்டா அந்த வீட்டுத் தறி நிக்கும். தாத்தா காலத்துலேர்ந்து அந்த வீட்டு வழக்கம். பாதி இழையில இருந்தாலும் சரி, கையை எடுத்துட்டு வாசலுக்குப் போயிடணும். எங்கயோ உக்காந்துக்கினு ஒரு காது அதைக் கேட்டிருக்குது. பட்டுத் தறி, பெருமாள்னா காஞ்சிபுரம்னு யூகிச்சு, அந்த லைவைத் தேடிப் பிடிக்க அந்தக் காதுக்கு அவ்ளோ போதும்.

அவ இன்னும் முடிக்கலை. கண்ணெல்லாம் ரொம்பிடுச்சு. "ஸ்கூல்ல டீச்சர் சொல்லியிருக்காங்க மேடம், பேரு சொல்லக் கூடாது, ஊரு சொல்லக் கூடாது, போட்டோ அனுப்பக் கூடாதுன்னு. நான் எதையும் சொல்லலை. விளையாட்டுல என் பேரு மயில் ராணி. நிஜப் பேரு இன்னா, நிஜப் பேரு இன்னான்னு அந்த அக்கா எவ்ளோ தடவை கேட்டாங்க தெரியுமா? கடைசி வரைக்கும் சொல்லலை. நீங்க ஏன் மேடம் கடையில சொன்னீங்க?"

வேலையில எத்தனையோ பேரு என்னைத் திட்டியிருக்காங்க. கலெக்டர் ஆபீஸ்ல நிக்க வெச்சுத் திட்டியிருக்காங்க. எதுவும் இப்படி உள்ள போய்க் குத்துனது இல்லை. அந்தக் குழந்தை முன்னாடி உக்காந்து அழுதுட்டேன். அவளே போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தா.

அப்பா தறியிலதான் இருந்தாரு. நான் பேசப்பேச நாடா போய்க்கினும் வந்துக்கினும்தான் இருந்துச்சு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. "தெருவுல தலை காட்ட முடியலை மேடம். இனிமே பேசி இன்னா ஆகப் போவுது"ன்னாரு.

"உங்க பொண்ணு யாருக்கும் எதையும் சொல்லலைங்க. வீட்டைக் காட்டிக் குடுத்தது உங்க தறி நின்ன சத்தம். தெருவுல பேரைக் கெடுத்தது நான். இதுல அவ பண்ண தப்பு ஒண்ணு சொல்லுங்க, நான் எழுந்து போயிடறேன்."

தறி நின்னுச்சு. மனுஷன் தறியில நீட்டியிருந்த பாவு நூலைக் கையால தடவுனாரு. அப்புறம், "அப்ப தப்பு எம்மேலயா?"ன்னு கேட்டாரு, சின்னப் பிள்ளை மாதிரி.

"சாமிக்குத் தறியை நிறுத்துனது தப்பாகுமா? காது குடுத்துக் கேட்டவன் மேல தப்பு. திங்கக்கிழமை அவளை ஸ்கூலுக்கு அனுப்புங்க. தெருவுல கேட்டா, அந்த மேடம்தான் ஆளு மாறி உளறிட்டாங்கன்னு சொல்லுங்க. எங்கிட்ட வந்து கேக்கறவங்ககிட்ட நானும் அதையே சொல்றேன்."

அவரு திரும்பவும் நாடாவைக் கையில எடுத்தாரு.

இனி சனிக்கிழமை. நான் புகார் குடுத்ததும் அந்த வீட்டுக்கு வந்த போலீஸ் அதிகாரி ஒருத்தரு, நல்ல மனுஷன்தான், ஒரு யோசனை சொன்னாரு. "பொண்ணு வாசல்ல நிக்கட்டும் மேடம். மஃப்டியில நாலு பேரை நிறுத்தறேன். கிட்ட வந்தான்னா அமுக்கிடலாம்." அப்பாவும், "நிக்கட்டும் மேடம், வரட்டும் அவன், வெட்டிப் போட்டுடறேன்"னு குதிச்சாரு. ரெண்டு ஆம்பளைங்களும் ஒரே கட்சி. ஆளைப் பிடிக்க இதைவிட சுலபமான வழி கிடையாது, அதுவும் நிஜம்தான். ஒரு நிமிஷம் எனக்கே ஆசையா இருந்துச்சு.

அப்பதான், 'நீங்க ஏன் மேடம் கடையில சொன்னீங்க'ன்னு அந்தப் பொண்ணு கேட்டது ஞாபகம் வந்துச்சு. "சார், நாப்பது பேரை வேணா நிறுத்துங்க. அவன் அவளை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா, பார்த்தது பார்த்ததுதான். அந்தக் குழந்தை தூண்டில் புழு இல்லை"ன்னேன். பொண்ணைத் தென்னேரியில இருக்கற சித்தி வீட்டுக்கு அனுப்பிடலாம்னேன்.

அப்பாவுக்கு அது பிடிக்கலை. "சாமி வாசலுக்கு வர்ற அன்னிக்கு வீட்டுப் பொண்ணை வெளியூருக்குத் துரத்தறதா? சாமி கேக்காது, எங்க உம் பொண்ணுன்னு?" நான் தலையில முக்காடு போட்டுக்கினு நிக்கறவ, அதுக்கு என்ன பதில் சொல்றது? அந்த அம்மாதான் சமையக்கட்டுலேர்ந்து கையைத் துடைச்சிக்கினே வந்தாங்க. "தென்னேரியிலயும் சாமி இருக்குது. நீ கிளம்பு பாப்பா"ன்னாங்க. அதோட பேச்சு முடிஞ்சுது.

அடுத்தது லைவ் போடற அந்த பக்தர். அந்தத் தெருவுல மட்டும் நிறுத்தச் சொல்லலாம்னு கிளம்புனேன். போறதுக்கு முன்னாடி, எதுக்கும் இருக்கட்டும்னு ரிப்பேர் பாய்க்குப் போன் போட்டேன். "ஐயோ ஆபா, ஒரு தெருவுக்கு மட்டும் நிறுத்துனா, அந்தத் தெருதான்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்"ன்னாரு. நல்லவேளை கேட்டேன். பக்தர்கிட்ட போய், எல்லாத் தெருவுலயும் கேமரா சாமியை விட்டு இறங்கவே கூடாதுன்னு கெஞ்சுனேன். "எந்த வீட்டுக்காக மேடம்?"ன்னாரு. "எல்லா வீட்டுக்காகவும்"னேன். அவரு மறுபடியும் கேட்டாரு, நானும் மறுபடியும் அதையே சொன்னேன். மூணாந்தடவை அவரு கேக்கலை.

ஞாயித்துக்கிழமை காலையில தெருமுனையில நின்னேன். நாயனம் நெருங்க நெருங்க ஒவ்வொரு முகமா பார்க்கறேன். யாரைன்னு சந்தேகப்படறது? எல்லார் கையிலயும் போன். எல்லாரும் தூக்கிப் பிடிச்சிருக்காங்க. கிஃப்ட் பேப்பர் சுத்துன டப்பாவோட ஒரு பொம்பளை, பையை மாரோட அணைச்சிக்கினு ஒரு கிழவரு, தொப்பி போட்டவன், தொப்பி போடாதவன். நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் சாமியைப் பார்க்காம வாசல் வாசலா பார்த்துக்கினே வரான். பிடிச்சேன்டா உன்னைன்னு அவன் பின்னாடியே போனேன். அவன் டக்குனு திரும்பி, "யாரும்மா நீங்க? ரொம்ப நேரமா சாமியைப் பார்க்காம வாசலையே பார்த்துக்கினு இருக்கீங்க?"ன்னு என் கையைப் பிடிச்சிட்டான். மஃப்டி போலீஸ்காரரு. இதுக்கு நீங்க சிரிக்கலாம்.

அந்த வீட்டுத் தறி நின்னுச்சு. அப்பா தட்டோட வாசலுக்கு வந்தாரு. சாமி நின்னுது, கற்பூரம் காட்டுனாங்க, சாமி நகர்ந்துது. யாரும் கிட்ட வரலை. திங்கக்கிழமை காலையில அவரே பொண்ணை சைக்கிள்ல உக்கார வெச்சு, தெரு நடுவுல ஓட்டிக்கினு போய் ஸ்கூல்ல விட்டாரு.

சில மாசம் கழிச்சு ஆளு சிக்குனான். அக்காவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. குரலை மாத்திப் பேசற நாப்பது வயசு ஆம்பளை, தூரத்து ஊரு. இன்னும் சில குழந்தைங்களோட சேதியும் அவன் போன்ல இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காஞ்சிபுரத்துக்கே வரலைன்னு சாதிச்சான். போலீஸ் நம்பிச்சோ என்னவோ, நான் நம்பலை. அந்தக் கூட்டத்துல போனைத் தூக்கிப் பிடிச்சிருந்த கையில ஒண்ணு அவன் கைதான்னு இன்னிக்கும் தோணுது.

ரிட்டயர் ஆன அப்புறம் ஒரு நாள், பஸ் ஸ்டாண்டுல ஓரிக்கை போற பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தேன். யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு வந்து முன்னாடி நின்னா. நல்லா உசந்துட்டா. பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. கழுத்துல ஸ்கூல் அட்டை, பேரு இருக்கற பக்கத்தை உள்பக்கமா திருப்பிப் போட்டிருந்தா. சுத்திலும் ஜனம்.

"மேடம், என் பேரு ஞாபகம் இருக்குதா?"

"இல்லியேம்மா. யாரு நீ?"

ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தா. அப்புறம் சிரிச்சா.

"பொய் சொல்றீங்க."

"ஆமா."

"அப்படியே இருங்க மேடம்"னு சொல்லிட்டு, ஓடிப் போய் பஸ் ஏறிட்டா.